பதின்மூன்று முறை பாலா

தேர்தல் நேரத்தில் கம்பம், குமுளி வழியாகக் கோட்டயம் பக்கம் சரக்கு ஏற்றிப்போகும் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். பொன்குன்னத்தில் வலப்பக்கம் திரும்பிப் பாலாவை நெருங்க நெருங்க, சுவர்களில் இரட்டை இலை. பக்கத்தில் எம்.ஜி.ஆர் இல்லை, ஜெயலலிதா இல்லை. வெள்ளை ஜிப்பாவும் கருகருவென்ற மீசையுமாக ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருப்பார். எழுத்தெல்லாம் மலையாளம்.

அ.தி.மு.க மலையேறிவிடவில்லை. மாநிலக் கட்சி என்று அங்கீகாரம் பெற்ற ஒரு கட்சிக்கு அதன் சின்னம் அந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் சொந்தம். எல்லை தாண்டினால் அதே சின்னத்தை இன்னொரு கட்சி வைத்திருக்கலாம். ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடுவின் சைக்கிளும் உத்தரப் பிரதேசத்தில் முலாயம் சிங்கின் சைக்கிளும் அப்படி ஓடியவைதான். கேரளத்து இரட்டை இலை, கேரள காங்கிரஸ் (எம்) கட்சியுடையது. அந்த ‘எம்’ மாணியைக் குறிக்கும். சுவரில் சிரித்தவர் அந்த மாணிதான்.

கே.எம். மாணி. நம் ஊர் ‘மணி’ இல்லை, நெடில் போட்டு மாணி. பாலாவில் சின்னப் பையன் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் ‘மாணி சார்’. 1965-ல் பாலா தொகுதியில் முதல்முறை நின்றார், வென்றார். 2016-ல் கடைசி முறை நின்றார், வென்றார். நடுவில் வந்த ஒரு தேர்தலிலும் அவர் தோற்கவில்லை, தொகுதி மாறவும் இல்லை. மொத்தம் 13 வெற்றி. அவர் உயிரோடு இருந்தவரை பாலாவுக்கு வேறு எம்.எல்.ஏ. கிடையாது.

13 என்றதும் தமிழ் வாசகருக்கு மு. கருணாநிதி நினைவுக்கு வருவார். அவரும் 13 முறை நின்று 13 முறையும் வென்றவர்தான். ஆனால் அவருடையது ஊர் ஊராகப் போன பயணம்: குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், கடைசியில் திருவாரூர் என்று 7 தொகுதிகள். 1980-ல் அண்ணா நகரில் 699 வாக்குகளில் தப்பினார், 1991-ல் துறைமுகத்தில் 890-ல் தப்பினார். தப்பிய இடத்தை விட்டு அடுத்த தேர்தலுக்குள் நகர்ந்துவிடும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. மாநிலம் முழுக்கக் கட்சி இருந்ததால் அது முடிந்தது. மாணிக்கு அந்த வசதி இல்லை. அவர் கட்சிக்குப் பிடி இருந்ததே மத்திய கேரளத்தின் நாலைந்து மாவட்டங்களில்தான். அதனால் நின்ற இடத்திலேயே நின்றார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாணி ஜெயித்தது 13 தேர்தல், ஆனால் உட்கார்ந்தது 12 சட்டமன்றங்களில். 1965 மார்ச்சில் நடந்த கேரளத் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை வரவில்லை. கூட்டணி சேரவும் ஆள் இல்லை. ஜனாதிபதி ஆட்சி நீண்டது. ஜெயித்த 133 பேரும் ஒரு நாள்கூட அவைக்குள் நுழையாமலேயே வீடு திரும்பினார்கள். 32 வயது வக்கீல் மாணியின் முதல் வெற்றி இப்படிக் காகிதத்தோடு போயிற்று.

பாலாவைப் புரிந்துகொள்ளாமல் மாணியைப் புரிந்துகொள்ள முடியாது. மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள நடுத்தர ஊர். சுற்றிலும் மேடும் பள்ளமுமான செம்மண், அதில் வரிசை வரிசையாக ரப்பர். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போக வேண்டும். பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல். சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால். வெயில் ஏறுவதற்குள் அதைச் சேர்த்து, தட்டில் ஊற்றி, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கூட்டில் தொங்கவிட வேண்டும். அப்புறம் செய்தித்தாளை விரித்தால் முதலில் கண் போவது அன்றைய கோட்டயம் ரப்பர் விலைக்கு.

இந்த ஏக்கர் இரண்டு ஏக்கர் ரப்பர்காரர்கள்தான் மாணியின் வாக்காளர்கள். பெரும்பாலும் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஜமீன்தார்கள் இல்லை, கூலிகளும் இல்லை. கம்யூனிஸ்டுகள் வகுத்த உழைப்பாளி, சுரண்டுபவன் என்ற இரண்டு பெட்டிகளிலும் இவர்கள் அடங்கவில்லை. சொந்த நிலத்தில் தானே வியர்வை சிந்துகிறவனும் உழைக்கும் வர்க்கம்தான் என்று மாணி ஒரு கோட்பாட்டையே எழுதினார். ‘அத்வான வர்க்க சித்தாந்தம்’ என்று அதற்குப் பெயர். மார்க்சியர்கள் சிரித்தார்கள். பாலாக்காரர்கள் சிரிக்கவில்லை, தங்களைப் பற்றி ஒருவன் எழுதியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர் பிறந்ததும் பாலாவுக்குப் பக்கத்தில்தான், மரங்காட்டுப்பிள்ளி என்ற கிராமத்தில், 1933 ஜனவரி 30-ம் தேதி. கல்லூரிப் படிப்புக்குத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு வந்தார். சட்டம் படித்தது சென்னை சட்டக் கல்லூரியில். ஊர் திரும்பி வக்கீலாகி, காங்கிரஸில் சேர்ந்து, கோட்டயம் மாவட்டக் கட்சியின் செயலாளரானார். வழக்கமான காங்கிரஸ்காரராகவே அவர் காலம் போயிருக்கலாம்.

1964 அதைக் கெடுத்தது. கேரள உள்துறை அமைச்சராக இருந்த பி.டி. சாக்கோ உட்கட்சிச் சண்டையில் பதவி விலகினார், அந்த ஆண்டே இறந்தும் போனார். அவருக்கு அநீதி நடந்துவிட்டது என்று குமுறிய 15 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள், கே.எம். ஜார்ஜ் தலைமையில், சொந்தக் கட்சியின் முதல்வர் ஆர். சங்கருக்கு எதிராக வாக்களித்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அக்டோபரில் கோட்டயம் திருநக்கரை மைதானத்தில் கேரள காங்கிரஸ் பிறந்தது. பெயர் சூட்டியவர் நாயர் சமூகத் தலைவர் மன்னத்து பத்மநாபன். மாணியும் காங்கிரஸை விட்டு அதில் சேர்ந்தார். ஒரு சாவின் துக்கத்திலும் ஒரு கவிழ்ப்பின் கோபத்திலும் பிறந்த கட்சி அது. பின்னாளில் அது செய்ததை எல்லாம் பார்க்கும்போது, ஜாதகம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது என்று தோன்றும்.

மாணியின் கணக்கில் நிதானித்துப் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது: 364. 1970 தேர்தலில் பாலாவில் காங்கிரஸ் நிறுத்தியது எம்.எம். ஜேக்கப்பை. அவரும் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் மாநிலங்களவைத் துணைத் தலைவர், மத்திய இணையமைச்சர், மேகாலய ஆளுநர் என்றெல்லாம் உயர்ந்தவர். வாக்குகள் எண்ணி முடித்தபோது மாணிக்கு 23,350, ஜேக்கப்புக்கு 22,986. இருநூறு பேர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் ‘தோல்வியே அறியாத மாணி’ என்ற பேச்சே பிறந்திருக்காது. அரை நூற்றாண்டுச் சாதனை என்கிறோமே, அது 1970-ல் ஒரு தெருவின் வாக்குகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

1975 டிசம்பரில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருக்கும்போது, கேரள காங்கிரஸ் அச்சுத மேனன் அரசில் சேர்ந்தது. மாணி நிதியமைச்சரானார். அதற்குப் பிறகு கருணாகரன், ஏ.கே. ஆண்டனி, பி.கே. வாசுதேவன் நாயர், ஈ.கே. நாயனார், உம்மன் சாண்டி என்று எத்தனையோ முதல்வர்களிடம் அமைச்சராக இருந்துவிட்டார். அச்சுத மேனனும் வாசுதேவன் நாயரும் சி.பி.ஐ., நாயனார் சி.பி.எம்., மற்றவர்கள் காங்கிரஸ். நிதி, சட்டம், உள்துறை, வருவாய் என்று துறைகள் மாறின. முதல்வர் நாற்காலி மட்டும் கடைசிவரை வரவில்லை. மற்றவர்கள் அந்த நாற்காலியில் உட்காருவதும் எழுவதும் பலமுறை அவர் கையில் இருந்தது.

அவருடைய கட்சி உடைந்த கதைகளில் மிகவும் சுவையானது 1977-78. மாணி அப்போது உள்துறை அமைச்சர். அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் பெற்ற வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி விலகினார். ‘கொஞ்ச நாள் பார்த்துக்கொள்’ என்கிற மாதிரி அந்த இலாகா கட்சியின் இளம் தலைவர் பி.ஜே. ஜோசப்பிடம் போனது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் மாணியின் வெற்றி செல்லும் என்றது. மாணி திரும்பி வந்தார், ஜோசப் நாற்காலியைக் காலி செய்தார். உட்கார்ந்து பழகிய நாற்காலியை விட்டு எழுவது லேசா? அடுத்த போட்டி கட்சித் தலைவர் பதவிக்கு வந்தது. 1979-ல் கட்சி இரண்டானது. மாணி பக்கத்துக்கு அடைப்புக்குறிக்குள் ‘எம்’ வந்தது அப்போதுதான்.

பிறகு இருவரும் 1985-ல் சேர்ந்தார்கள், 1987-ல் பிரிந்தார்கள், 2010-ல் மறுபடி சேர்ந்தார்கள். இதற்கிடையே பாலகிருஷ்ண பிள்ளை ஒரு கேரள காங்கிரஸ், டி.எம். ஜேக்கப் ஒரு கேரள காங்கிரஸ் என்று ஆங்கில எழுத்துகள் தீர்ந்துபோகிற அளவுக்குக் கிளைகள் வந்தன. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொது அறிவுத் தேர்வில் இதைக் கேட்டால் பாதிப் பேர் தோற்பார்கள். மாணியோ அசரவில்லை. வளர வளரப் பிளவுபடும், பிளவுபடப் பிளவுபட வளரும் கட்சி இது என்று அவரே சொன்னது கேரளத்தில் பழமொழி போலாகிவிட்டது.

இத்தனை உடைந்தும் இந்தக் கட்சிக்கு எப்படி மதிப்பு இருந்தது என்று கேட்கலாம். விடை கேரளச் சட்டமன்றத்தின் கணக்கில் இருக்கிறது. 140 இடங்கள். இரண்டு பெரிய அணிகள் ஏறக்குறைய சம பலத்தில் மோதும் இடத்தில், ஆறு ஏழு பேர் வைத்திருப்பவனே தராசின் முள். 1980-ல் மாணி இடதுசாரிகளோடு நின்று நாயனார் அரசில் நிதியமைச்சரானார். 1981 அக்டோபரில் ஆண்டனியின் காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. அடுத்த சில நாட்களில் மாணியும் விலகினார். நாயனார் ஆட்சி போயிற்று.

டிசம்பர் கடைசியில் கருணாகரன் முதல்வரானார், மாணி மறுபடி அமைச்சர். அவையில் இரண்டு பக்கமும் சரிசமம். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் சபாநாயகர் ஏ.சி. ஜோஸ் தன் வாக்கைப் போட்டு அரசைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ‘காஸ்டிங் வோட்டு மந்திரிசபை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1982 மார்ச்சில் ஒரே ஒரு எம்.எல்.ஏ. ஆதரவை விலக்கியதும் அது விழுந்தது. அந்த ஒருவர் லோனப்பன் நம்பாடன், பள்ளிக்கூட வாத்தியார், மாணியின் சொந்தக் கட்சிக்காரர். எண்ணிக்கையை வைத்து மற்றவர்களுக்குக் காட்டிய வித்தையை ஒருமுறை அவருக்கே காட்டினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆட்சி கவிழ்ப்பதற்கென்றே பிறந்தவர் என்று முடிவு கட்டினால் அது அநியாயம். 13 பட்ஜெட்டுகள் படித்தவர் அவர், கேரளத்தில் வேறு யாருக்கும் அந்த எண்ணிக்கை இல்லை. 1980-ல் நாயனார் அரசு விவசாயத் தொழிலாளர்களுக்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியபோது கஜானாச் சாவி மாணியிடம் இருந்தது. தலைமை கம்யூனிஸ்டுடையது, பணம் ஒதுக்கியவர் ரப்பர் விவசாயிகளின் தலைவர். அந்தச் சேர்க்கையில் பிறந்த நல்ல காரியம் அது.

அதைவிட ஆழமாக அவர் பெயரைப் பதித்தது காருண்யா. 2011-ல் உம்மன் சாண்டி அரசின் நிதியமைச்சராக இருந்தபோது தொடங்கிய லாட்டரி. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை ஒழித்தோம், கேரளத்தில் அது அரசாங்கத் தொழில். சனிக்கிழமை குலுக்கல். அதில் வரும் லாபத்தைப் புற்றுநோய், இதயநோய், சிறுநீரக நோயால் அவதிப்படும் ஏழைகளின் சிகிச்சைக்கு ஒதுக்கும் நிதி என்று அவர் ஏற்பாடு செய்தார். சூதாட்டக் காசில் டயாலிசிஸ் செய்யலாமா என்று தர்க்கம் பண்ணலாம். டயாலிசிஸ் செய்துகொண்டவர் வீட்டில் அந்தத் தர்க்கம் எடுபடாது. மாணியைக் கடுமையாக வெறுத்தவர்கள்கூடக் காருண்யா என்றால் கொஞ்சம் குரலைத் தாழ்த்துவார்கள்.

வெறுக்கவும் காரணம் கிடைத்தது. 2014 ஏப்ரலில் கேரளத்தில் 418 பார்கள் மூடப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்க உதவுவதற்காக நிதியமைச்சருக்கு 1 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டது என்று பார் உரிமையாளர்களின் பக்கமிருந்து ஒருவர் அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் குற்றம் சாட்டினார். மாணி மறுத்தார். லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. ‘குற்றம் சாட்டப்பட்டவர் பட்ஜெட் படிக்கக்கூடாது’ என்று இடதுசாரிகள் கிளம்பினார்கள்.

2015 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. கேரளச் சட்டமன்றத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு நாள் இல்லை. முதல் நாள் இரவே இரு தரப்பு உறுப்பினர்களும் அவைக் கட்டடத்துக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். காலையில் எதிர்க்கட்சியினர் சபாநாயகரின் மேடை ஏறினார்கள். அவருடைய நாற்காலி தூக்கிக் கீழே எறியப்பட்டது. மைக் பிய்ந்தது, கணினி உடைந்தது. இந்தக் களேபரத்துக்கு நடுவே, ஆளும் கட்சி எம்.எல்.ஏ.க்களும் அவைக் காவலர்களும் அரண்போல் சுற்றி நிற்க, 82 வயது மாணி உள்ளே வந்து சில நிமிடங்கள் வாசித்து, பட்ஜெட் தாக்கல் ஆனது என்று முடித்தார். ஆளும் தரப்பில் லட்டு கொடுத்தார்கள்! தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு எதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது என்று தெரியவில்லை, உடைந்த நாற்காலியைப் பார்த்தா, லட்டைப் பார்த்தா?

யாருக்கும் காது கேட்காத அந்த பட்ஜெட்டில் பாலாவுக்கு உயிரான ஒரு விஷயம் இருந்தது. ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்த நேரம். 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த ரப்பர் 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே போனது. சிறு விவசாயிக்கு கிலோவுக்கு 150 ரூபாய் கிடைக்கும்படி வித்தியாசத்தை அரசு ஈடுகட்டும், அதற்கு 300 கோடி ரூபாய் என்று அதில் எழுதியிருந்தார். அவருடைய 13-வது பட்ஜெட் அது. கடைசி பட்ஜெட்டும் அதுவே. நவம்பரில் உயர் நீதிமன்றம், சீசரின் மனைவி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவளாக இருக்க வேண்டும் என்ற பழைய பேச்சை நினைவூட்டியது. மறுநாள் மாணி ராஜினாமா செய்தார். ஆதாரம் இல்லை என்று லஞ்ச ஒழிப்புத் துறை பிறகு பலமுறை அறிக்கை கொடுத்தது, நீதிமன்றம் அதை லேசில் ஏற்கவில்லை. விவகாரம் முழுக்கத் தீராமலேயே அவர் காலம் முடிந்தது.

பாலா என் இரண்டாவது மனைவி என்று மேடையில் வேடிக்கையாகச் சொல்வது மாணியின் வழக்கம். தொகுதியோடு அவருக்கு இருந்த உறவை ஊடகங்கள் காதல் கதையாகவே எழுதின. வாக்கு எண்ணிக்கை வேறு மாதிரி பேசுகிறது. 1996-ல் வித்தியாசம் 23,790, அவருடைய உச்சம். 2001-ல் 22,301. பிறகு சரிவு: 2006-ல் 7,759, 2011-ல் 5,259, 2016-ல் 4,703. இந்தக் கடைசி மூன்று முறையும் எதிரில் நின்றவர் ஒரே ஆள். மாணி சி. காப்பன், தேசியவாத காங்கிரஸ் கட்சி, இடதுசாரி அணி. வாலிபால் ஆட்டக்காரர், சினிமாத் தயாரிப்பாளர், நடிகர். பாலாவின் பழைய அரசியல் குடும்பத்துப் பிள்ளை. பெயரிலும் மாணி. மூன்று முறை தோற்றும் ஊரை விட்டுப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நிற்பது மாணி சாரிடம் பார்த்துக் கற்ற பாடமோ என்னவோ.

2016 தேர்தலில் ஆட்சி இடதுசாரிகளிடம் போனது. ஆகஸ்டில் மாணி காங்கிரஸ் கூட்டணியை விட்டு வெளியேறித் தனியாக உட்கார்ந்தார். 2018 ஜூனில் திரும்பி வந்தார். காங்கிரஸ் தன் கையிலிருந்த மாநிலங்களவை இடத்தை அவர் மகன் ஜோஸ் கே. மாணிக்கு விட்டுக்கொடுத்ததுதான் அதற்கான விலை. காங்கிரஸ் தொண்டர்கள் கொதித்தார்கள். எம்.எல்.ஏ. எண்ணிக்கை வெறும் ஆறு, ஆனாலும் பேரம் படிந்தது. கிழவருக்குக் கணக்கு மறக்கவில்லை.

2019 ஏப்ரல் 9-ம் தேதி கொச்சி மருத்துவமனை ஒன்றில் மாணி காலமானார், வயது 86. மக்களவைத் தேர்தலுக்கு இரண்டே வாரம். கொச்சியிலிருந்து உடல் புறப்பட்டது, வழி நெடுகக் கூட்டம், பாலா வந்து சேர மணிக்கணக்கில் ஆனது. அந்த அனுதாபம் வாக்கிலும் தெரிந்தது. கோட்டயம் மக்களவைத் தொகுதியில் அவர் கட்சி வேட்பாளர் ஜெயித்தார், பாலா பகுதியில் மட்டும் 33 ஆயிரத்துக்கும் மேல் முன்னிலை.

அடுத்து இடைத்தேர்தல். ஐந்து மாதத்துக்குள் அந்த 33 ஆயிரம் எங்கே போனது?

பழைய நாற்காலிச் சண்டைக்குத்தான் போனது. மாணி இருந்த இடத்தில் யார் உட்காருவது என்று ஜோஸ் கே. மாணியும் பி.ஜே. ஜோசப்பும் மோதிக்கொண்டார்கள். செயல் தலைவரான ஜோசப் கையெழுத்துப் போட்டால்தான் சின்னம் கிடைக்கும், அவர் போடவில்லை. ஜோஸ் தரப்பு நிறுத்திய ஜோஸ் டாம் சுயேச்சையாகத்தான் நிற்க முடிந்தது. மாணி சாரின் பாலாவில், மாணி சாரின் வேட்பாளருக்கு இரட்டை இலை இல்லை. கொடுத்த சின்னம் அன்னாசிப்பழம். ரப்பர் கன்று நட்ட முதல் சில வருடம் வரிசைகளுக்கு நடுவே அன்னாசி போடுவது அந்தப் பக்கத்து வழக்கம், மரம் வளர்ந்து நிழல் விழுந்ததும் அதை எடுத்துவிடுவார்கள். பிரசாரத்தில் இதை வைத்து எத்தனை கேலி செய்யலாமோ அத்தனையும் செய்தார்கள்.

செப்டம்பர் 27-ல் முடிவு வந்தது. காப்பன் 54,137. ஜோஸ் டாம் 51,194. வித்தியாசம் 2,943. தொகுதி பிறந்த நாளிலிருந்து மாணியைத் தவிர வேறு யாரையும் அனுப்பாத பாலா, முதல்முறையாக இன்னொருவரை அனுப்பியது.

‘பாலா புரட்சி’ என்று தலைப்புப் போட்டவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கத் தவறினார்கள். 2016-ல் மாணியிடம் தோற்றபோது காப்பன் வாங்கியது 54,181. ஜெயித்தபோது வாங்கியது அதைவிட 44 குறைவு. அவர் ஓர் அடியும் முன்னே வரவில்லை. எதிரில் இருந்த 58,884-தான் கரைந்து கீழே இறங்கி வந்தது. மாணி கட்டியது கட்சிக்கான கோட்டை இல்லை, தனக்கான வீடு என்பது அந்த எண்களில் தெரிகிறது. அவருக்கு விழுந்த வாக்கை அவர் சின்னத்துக்கோ, அவர் கட்சிக்கோ மாற்றிக் கொடுக்க அவரால் முடியவில்லை, அல்லது அதற்கு அவர் மெனக்கெடவில்லை.

அதே கோட்டயம் மாவட்டத்தில் இன்னொரு ஊர் இதற்கு நேர் எதிர். புதுப்பள்ளியில் உம்மன் சாண்டி 1970 முதல் தொடர்ந்து 12 முறை வென்றார். கேரளச் சட்டமன்றத்தில் மிக நீண்ட காலம் இருந்தவர் என்ற மாணியின் சாதனையை 2022 ஆகஸ்டில் கடந்தவரும் அவரே. 2023-ல் அவர் இறந்தபின் நடந்த இடைத்தேர்தலில் மகன் சாண்டி உம்மன் 37,719 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அங்கே பின்னால் காங்கிரஸ் என்ற பெரிய வீடு இருந்தது, வாரிசுச் சண்டையும் இல்லை.

பாலாவின் கதை அதற்குப் பிறகும் திரும்பியது. 2020 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் கட்சிப் பெயரும் இரட்டை இலையும் ஜோஸ் கே. மாணிக்கே என்று தீர்ப்புச் சொன்னது. அக்டோபரில் அவர் இடதுசாரி அணிக்குப் போனார். தன் தந்தையை பட்ஜெட் படிக்கவிடாமல் நாற்காலி எறிந்தவர்களின் அணி! அந்தக் கலவர வழக்கைக் கைவிட அனுமதி கேட்டு இடதுசாரி அரசு உச்ச நீதிமன்றம் போனபோது, மாணியின் கட்சியும் அந்த அரசில் ஓர் அங்கம். 2021 ஜூலையில் நீதிமன்றம் முடியாது என்றது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான வி. சிவன்குட்டி அப்போது கல்வி அமைச்சர்.

அதற்கு முன்பே, 2021 சட்டமன்றத் தேர்தலில், இடதுசாரி அணி பாலாவை ஜோஸ் கே. மாணிக்கு ஒதுக்கிவிட்டது. தொகுதியை இழந்த காப்பன் காங்கிரஸ் பக்கம் தாவி அதே பாலாவில் நின்றார். இந்த முறை வேட்பாளர் மாணியின் மகனே, சின்னம் இரட்டை இலையே. காப்பன் 69,804, ஜோஸ் கே. மாணி 54,426. வித்தியாசம் 15,378.